பெயருக்கு முன்னால் ஓர் ஊர்

பாடகிகளின் தலைப்பெழுத்துகளை விரித்து எழுதிப் பார்த்தால் ஒரு சமூக வரலாறு கிடைக்கும். எம்.எஸ். என்பது மதுரை சண்முகவடிவு. எம்.எல். என்பது மெட்ராஸ் லலிதாங்கி. கே.பி. என்பது கொடுமுடி பாலாம்பாள். முதல் எழுத்து ஊருக்கு, இரண்டாவது தாய்க்கு. டி.கே. பட்டம்மாளிடம் வரும்போது இந்த முறை மாறிவிடுகிறது. 'தாமல்' என்ற ஊர் இருக்கிறது, ஆனால் அடுத்த எழுத்து கிருஷ்ணசாமி என்ற தந்தையினுடையது. பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறியபோது தந்தையின் பெயரோடு ஏறினார். சுப்புலட்சுமியும் வசந்தகுமாரியும் சுந்தராம்பாளும் தாயின் பெயரோடு ஏறினார்கள். இரண்டு வகைப் பெயர்களுக்கும் பின்னால் இரண்டு வகைக் குடும்பங்கள், இரண்டு வகைச் சொத்துரிமைகள், 'கௌரவம்' என்ற சொல்லுக்கு இரண்டு வகை அர்த்தங்கள் உள்ளன.

இந்த வரிசையில் இன்னொருவர் பெயருக்கு முன்னால் ஊர் மட்டுமே நிற்கிறது: பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் பிறந்த ஊர் நஞ்சன்கூடு, ஆண்டு 1878. வளர்ந்தது மைசூரில். பாடிப் பெயர் எடுத்த காலத்தின் பெரும்பகுதி சென்னையில். முதுமையைக் கழித்து 1952-இல் இறந்தது திருவையாற்றில். பெங்களூர் அவர் வாழ்க்கையின் ஓர் இடைநிறுத்தம்தான். ஆனாலும் பெங்களூர்தான் நிலைத்தது. சென்னையில் பல்லாண்டு வாழ்ந்து, வீடு வைத்து, புத்தகம் பதிப்பித்து, திருவையாற்றில் ஒரு கோயிலே கட்டிய பிறகும், அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அவருடைய பெயர் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆண் வித்வான்களுக்கும் ஊர்ப்பெயர் உண்டு. அது அவர்களுக்குப் பட்டயம். வெளியூரிலிருந்து வந்த பெண்ணுக்கு அது பட்டயமாகவும் இருக்கும், "நீ இந்த ஊர்க்காரி இல்லை" என்ற நினைவூட்டலாகவும் இருக்கும்.

மைசூர் அன்று தனிச் சமஸ்தானம், சென்னை பிரிட்டிஷ் மாகாணத்தின் தலைநகர். ஆகவே நாகரத்தினம்மாளின் பயணத்தை ஊர் மாற்றம் என்பதைவிட அரசு மாற்றம் என்பதே பொருந்தும். ஆதரிப்பவர்கள் வேறு, சபைகள் வேறு, சட்டம் வேறு, தெருவில் பேசும் மொழி வேறு. ஒரு பாடகி புதிய நிலத்தில் ஊன்றிக்கொள்ள என்ன தேவைப்பட்டது என்பதை அவர் வாழ்க்கையை வைத்து வாசிக்க முயல்கிறேன். நான் பாடம் நடத்துவது திருப்பூர்ப் பகுதியில். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் பெண்கள் ரயிலேறி வந்து இறங்கும் ஊர் இது. அதனால் இந்த வாசிப்பு கடந்த காலத்தோடு முடிய முடியாது.

பக்திக் கதையின் சௌகரியம்

நாகரத்தினம்மாளைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதை சுருக்கமானது. தியாகராஜரின் சமாதி சிதைந்து கிடப்பதை 1921-இல் கேள்விப்பட்டார், நெஞ்சுருகினார், தன் சேமிப்பையெல்லாம் கொட்டி நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார், 1925 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது, பின்னர் திருவையாற்றிலேயே தங்கி அங்கேயே உயிர்விட்டார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆராதனைக் காலம்தோறும் மேடைகளிலும் சிறப்பிதழ்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதும் இதுதான். சமாதிக்கு எதிரே கைகூப்பி அமர்ந்த கோலத்தில் அவருக்கு ஒரு சிலையும் இருக்கிறது.

அந்தச் சிலையின் கைகளைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. அந்தக் கைகள் நிலப் பத்திரத்தில் கையெழுத்திட்டவை. அச்சகத்துக்குக் கைப்பிரதி கொடுத்தவை. அறிஞர்களுக்கு மறுப்பு எழுதியவை. சங்கம் கட்டியவை. வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்று சென்னையில் அவரைச் சொல்வதுண்டு. அப்படியானால் கணக்கு எழுதியவையும் அந்தக் கைகளே. சிலையில் கூப்பிய நிலை மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒரு தேவதாசிப் பெண் தன் சம்பாத்தியத்தை எங்கே, எப்படி, யாரோடு மோதிச் செலவழித்தார் என்ற கேள்வியை பக்தி என்ற ஒரே சொல் அழகாக மூடிவிடுகிறது. அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அவருடைய மற்ற வேலைகளைச் சொல்லாமல் விடுவதற்கு பக்தி ஒரு வசதியாகப் பயன்படுவதைத்தான் சுட்டுகிறேன். இடம்பெயர்ந்து வந்த பெண்ணை ஓர் ஊர் ஏற்றுக்கொள்ளும்போது, அவளை வணங்குகிறவளாக ஏற்றுக்கொள்வது எளிது. வாதாடுகிறவளாக ஏற்றுக்கொள்வது கடினம்.

அவர் ஊன்றிக்கொண்ட விதத்தை மூன்று சொற்களில் பிரித்துப் பார்க்கலாம்: வீடு, அச்சு, மேடை.

வீடு

நாகரத்தினம்மாளின் தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். மகளுக்குச் சமஸ்கிருதமும் இசையும் நடனமும் கற்பித்து ஆளாக்கியவர். அந்த மரபில் பெண் சொத்து வைத்திருக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம், தத்தெடுக்கலாம். அன்றைய உயர்சாதிக் குடும்பப் பெண்களுக்கு இல்லாத உரிமை இது. பெங்களூரில் நீதிபதி நரஹரி ராவின் ஆதரவு நாகரத்தினம்மாளுக்குக் கிடைத்தது. சென்னைக்கு வந்தபின் கச்சேரி வருமானம் வந்தது. சொந்த வீட்டில் வாழ்ந்த பாடகி என்பது அவரைப் பற்றிய அடிப்படைத் தகவல். திருவையாற்றில் நிலம் வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இருந்தது இந்தப் பின்னணியில்தான்.

இதைக் கொண்டாட்டமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதே மரபிலிருந்து அடிபட்டு வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலில் அந்த முறையின் வணிகத்தையும் சிறுமிகள் அதில் சிக்கவைக்கப்படுவதையும் தோலுரித்தார். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டுவதற்கு எதிராகப் பேசிய காலத்தில் நாகரத்தினம்மாள் எதிர்ப்பக்கம் நின்றார், தேவதாசிப் பெண்களின் சங்கத்தில் முன்னின்றார். எங்கள் கலையையும் சொத்தையும் விபச்சாரம் என்ற ஒரே சொல்லில் அடக்காதீர்கள் என்பது அந்தப் பெண்களின் வாதம். சட்டம் 1947-இல் வந்தது. மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்ற இருவரைத் தவறானவர்கள் ஆக்குவது பெண்ணிய வாசிப்பு ஆகாது. ஒரே அமைப்பு ஒரு பெண்ணுக்கு வீட்டுச் சாவியையும் இன்னொரு சிறுமிக்கு விலங்கையும் கொடுத்திருக்கிறது. நாகரத்தினம்மாளுக்குக் கிடைத்தது சாவி. அது கிடைத்திராவிட்டால் அவருடைய குரல் மட்டும் அவரைச் சென்னையில் நிலைநிறுத்தியிருக்காது.

அச்சு

இரண்டாவது ஊன்றுகோல் புத்தகம். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்தவர் முத்துப்பழனி. அவர் தெலுங்கில் எழுதிய காவியம் 'ராதிகா சாந்த்வனம்'. ராதை தானே வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்துவைக்கிறாள், பிறகு பொறாமையில் வேகிறாள், கண்ணன் அவளைத் தேற்றுகிறான். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே முன்கையெடுத்துச் சொல்லும் நூல். இதன் 1887-ஆம் ஆண்டுப் பதிப்பு சில பாடல்களை விட்டுவிட்டது. முத்துப்பழனி தன் பாட்டியையும் அத்தையையும் சொல்லித் தன் மரபை நிறுவும் முன்னுரைப் பகுதியையும் விட்டுவிட்டது. நாகரத்தினம்மாள் மூலப் பிரதியைத் தேடிப் பெற்று, விடுபட்டவற்றைச் சேர்த்து, 1910-இல் சென்னை வாவிள்ளா நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்.

தெலுங்கு மறுமலர்ச்சியின் தந்தை என்று போற்றப்படும் கந்துகூரி வீரேசலிங்கம் ஏற்கெனவே அந்தக் காவியத்தைக் கடுமையாகச் சாடியிருந்தார். பெண்கள் கேட்கவும் தகாதவற்றை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார்: வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா? ஆண்கள் எழுதிய, இதைவிடப் பச்சையான நூல்களை ஏற்றுக்கொள்ளும் உங்களுக்கு இது மட்டும் ஏன் உறுத்துகிறது? 1911-இல் ஆபாசம் என்று அரசு புத்தகத்தைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1947-இல், சென்னை மாகாண முதல்வராக டி. பிரகாசம் இருந்தபோது. இந்த வரலாற்றைத்தான் சூசி தாருவும் கே. லலிதாவும் தாங்கள் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகைநூலின் வாசலில் 1991-இல் நிறுத்தினார்கள்.

இந்த நிகழ்ச்சியில் மொழிகளின் நடமாட்டத்தைக் கவனியுங்கள். தமிழ் மண்ணில் இருந்த பெண் தெலுங்கில் எழுதுகிறார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கன்னட நாட்டிலிருந்து வந்த பெண் சென்னையில் அதைப் பதிப்பிக்கிறார். எந்த மொழியின் இலக்கிய வரலாறு இவ்விருவரையும் தன்னுடையவர்கள் என்று உரிமை கொண்டாடும்? தெலுங்கு வரலாறு நீண்டகாலம் வெட்கப்பட்டது. தமிழ் வரலாறு, தெலுங்கு நூல்தானே என்று நகர்ந்துகொண்டது. கன்னடத்துக்கு ஊர்ப்பெயர் போதுமானதாக இருந்தது. மாநில எல்லைகளின்படி இலக்கிய வரலாறு எழுதும்போது முதலில் காணாமல் போகிறவள் இடம்பெயர்ந்த பெண். முத்துப்பழனியின் முன்னுரையை நாகரத்தினம்மாள் ஏன் அவ்வளவு முக்கியமாகக் கருதினார் என்பதும் இங்கே விளங்குகிறது. பாட்டியும் அத்தையும் இருக்கும் மரபு வரிசை அது. புதிய ஊரில் இரத்த உறவு அதிகமில்லாத ஒரு கலைஞர், இறந்துபோன ஒரு பெண் கவிஞரைத் தேடித் தனக்கு முன்னோர் ஆக்கிக்கொண்டார் என்று இதை வாசிக்கிறேன். தலைப்பெழுத்தில் இல்லாத தாய்வழியை அவர் அச்சில் மீட்டார்.

மேடை

மூன்றாவது மேடை. இதில்தான் புதிய ஊர் தன் உண்மை முகத்தைக் காட்டும். திருவையாற்று ஆராதனையை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டும் தங்களுக்குள் சண்டையிட்டன. பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தன. கோயிலைக் கட்டியவர் அதன் முன் பாட முடியாது. 1927-இல் நாகரத்தினம்மாள் பெண்கள் கட்சியைத் தொடங்கினார். கெஞ்சவில்லை, பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். 1940-இல் கட்சிகள் ஒன்றிணைந்தபின் பெண்களும் பாடும் உரிமை நிலைபெற்றது. இன்று தைமாதம் பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆண்களோடு அமர்ந்து பாடும் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அந்த இடம் பதின்மூன்று ஆண்டுப் பூசலில் பெறப்பட்டது.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. தேவதாசி மரபுப் பெண்கள் போராடித் திறந்த கதவு வழியாக அதிகம் உள்ளே வந்தவர்கள் 'குடும்பப் பெண்கள்'. திறந்தவர்களின் வீட்டுப் பெண்கள் அடுத்த தலைமுறையில் மேடையிலிருந்து பெரும்பாலும் விலகிப்போனார்கள். கதவைத் திறந்தவரைக் கைகூப்பிய சிலையாக வாசலில் வைப்பது எளிதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பனியன் ஊரின் பாட்டு

இப்போது திருப்பூருக்கு வருகிறேன். இந்த ஊர் முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பக்கத்துப் பெண்களை வரவழைத்தது. சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்ற சொற்கள் அந்தக் காலத்தின் தழும்புகள். பிறகு வண்டி வடக்கே போனது. 2014-இல் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனா போன்ற திட்டங்களில் தையல் மெஷின் பயிற்சி பெற்ற ஒடிசா, ஜார்கண்ட் கிராமத்துப் பெண்கள் குழுக் குழுவாக இங்கே வந்தார்கள். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், பேக்கிங் என்று பிரிந்து நிற்கிறார்கள். இவர்களை யாரும் இசைக்கலைஞர்கள் என்று சொல்வதில்லை. ஆனால் திருமணத்துக்கும் நாற்றுநடவுக்கும் சத் பூஜைக்கும் பெண்களே கூடிப் பாடும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். பாட்டு அங்கே தொழிலும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. பெண் என்றால் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை.

போஜ்புரியில் திரிகைக் கல்லைச் சுற்றியபடி பெண்கள் பாடும் பாட்டுக்கு 'ஜத்சார்' என்று பெயர். கல்லின் சுழற்சிதான் தாளம். இந்தப் பாடல்களை ஆராய்ந்த ஸ்மிதா திவாரி ஜஸ்ஸால், அறிவுரையும் எச்சரிக்கையும் வன்முறையின் நினைவும் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கைமாறும் வழியாக அவற்றைக் காட்டுகிறார். நம் நடவுப் பாட்டுக்கும் ஏற்றப் பாட்டுக்கும் இதே இயல்பு உண்டு. உடல் நிர்ணயிக்கும் வேகத்தில் வேலை நடக்கும்போது பாட்டு அதன்மேல் ஏறிக்கொள்ளும். பவர் டேபிளில் வேகத்தை நிர்ணயிப்பது மோட்டார், அதற்குப் பின்னால் மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு, அதற்கும் பின்னால் கப்பலேற வேண்டிய தேதி. அந்த இரைச்சலில் பக்கத்து டேபிள்காரி சொல்வதே கேட்காது. பாட்டு காதுக்குள் சொருகிய இயர்போனுக்குள் ஒடுங்கிவிடுகிறது. கூட்டமாகப் பாடியவள் தனியாகக் கேட்பவள் ஆகிறாள். 2024 நவம்பரில் சத் பூஜை நாட்களில் காலமான சாரதா சின்ஹாவின் குரல் ஒவ்வொரு சத் பூஜைக்கும் செல்பேசி வழியாக ஊரைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அது ஒருவழிப் பாதை. அவள் பாடுவதைக் கேட்க இங்கே யார் இருக்கிறார்கள்?

இலக்கியத்தின் தரப்பிலும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. கிழக்கிந்தியாவின் புலம்பெயர்வுப் பாட்டு மரபு மிகப் பெரியது. பிகாரி தாக்கூரின் 'பிதேசியா' நாடகம் அதன் உச்சம். கணவன் கல்கத்தாவுக்குப் போகிறான். மனைவி ஊரில் காத்திருக்கிறாள். அந்த நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர்களும் ஆண்கள். நம் சங்கப் பாலைத் திணையிலும் பொருள்தேடிப் பிரிகிறவன் தலைவன், வீட்டிலிருந்து நாள் எண்ணுகிறவள் தலைவி. உடன்போக்கில் பெண் ஊரைவிட்டுப் போகிறாள், ஆனால் அவனோடு. கூலிக்காகத் தானே தனியாக ரயிலேறிப் போன பெண்ணுக்கு இரண்டு மரபிலும் துறை இல்லை. பிரிவைப் பாடுகிறவள் எப்போதும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறாள். போனவளே பாடினால் அந்தப் பாட்டின் முன்னிலை யார்? தாயா, தங்கையா, வளர்த்த ஆடா, தான் விட்டுவந்த குழந்தையா? இந்தப் புதிய துறை எங்கோ விடுதி மொட்டை மாடிகளில் உருவாகிக்கொண்டிருக்கலாம். நம் துறைகளின் ஆய்வேடுகள் இன்னமும் தமிழ்நாட்டு நாட்டுப்புறவியல் என்றால் தமிழில் பாடப்படுவது என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

நாகரத்தினம்மாளை ஊன்றவைத்த மூன்றையும் இங்கே வைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பதில் விடுதி: இரும்புக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, வார்டன், வாரத்துக்கு ஒரு முறை வெளியே போக அனுமதி. பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் பூட்டப்படும் கதவுக்கு அதில் முழுப் பதில் இல்லை. அச்சுக்குப் பதில் ஆதார் நகலும் சம்பளச் சீட்டும். மேடைக்குப் பதில் எதுவும் இல்லை. கொங்கு ஊர்களில் வள்ளிகும்மி மறுபடியும் களைகட்டுகிறது. ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடும் அரங்கேற்றங்கள் நடக்கின்றன. பெண்கள் பொதுவெளியில் ஆடுவது நல்லதுதான். ஆனால் அந்த வட்டம் சாதிப் பெருமையின் வட்டமாகவும் கட்டப்படுகிறது என்ற விமர்சனம் எழுந்திருக்கிறது. உள்ளூர் அருந்ததியப் பெண்ணுக்கே அதில் இடம் உண்டா என்று கேட்க வேண்டிய நிலையில், ஒடிசாவிலிருந்து வந்தவளைப் பற்றி என்ன சொல்ல?

இரண்டு பெண்களையும் ஒரே தட்டில் வைக்கிறேனா என்று மாணவியர் கேட்கக்கூடும். வைக்கவில்லை. நாகரத்தினம்மாளிடம் சொத்தும் பல மொழிப் புலமையும் அவைகளின் ஆதரவும் இருந்தன. தையல் மெஷின் முன் உட்காரும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் இவை எதுவும் இல்லை. வேறுபாட்டைச் சுட்டுவதற்காகவே பக்கத்தில் வைக்கிறேன். குரல் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நாம் கலைஞர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். கொடுமுடியிலிருந்து புறப்பட்டுச் சிறுவயதிலேயே நாடகக் குழுவோடு இலங்கைவரை போய்ப் பாடிய சுந்தராம்பாளை அதற்கு உதாரணமாகவும் காட்டுவோம். அவருக்குப் பின்னால் ஒரு நாடகக் கம்பெனி இருந்தது, நாகரத்தினம்மாளுக்குப் பின்னால் சொத்து இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், குரல் எழும்பாதவளுக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிவிடுவோம்.

பெயர் விஷயத்திலும் இதே நிலைதான். ஒடிசாப் பெண்ணும் சந்தாலிப் பெண்ணும் அசாம் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் இங்கே "இந்திக்காரப் பொண்ணு". இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இவர்களில் எத்தனை பேர்? இந்தித் திணிப்பால் ஒடுங்கிய மொழிகளைப் பேசுகிறவர்களை இந்தித் திணிப்பின் முகமாகப் பார்ப்பது நம் மொழி அரசியலுக்கே முரண். 2023 மார்ச் மாதம், வடமாநிலத்தவர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொலிகள் பரவின. பயந்துபோன தொழிலாளர்களைச் சமாதானப்படுத்த அதிகாரிகளும் முதலாளிகளும் ஓடினார்கள். அவர்கள் போய்விட்டால் ஆர்டர் என்னாகும் என்ற கவலை அப்போது வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஊரின் கவலைக்குள் அவர்கள் நுழைந்தது அந்த ஒரு வாசல் வழியாகத்தான்.

பெண்ணிய விமர்சனத்துக்கு இதில் செய்யக்கூடிய வேலை உண்டு. இங்குள்ள கல்லூரிகளில் தமிழ் படிக்கும் பெண்களில் பலருடைய அம்மாக்கள் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். சிலர் தாங்களே விடுமுறையில் செக்கிங்குக்குப் போகிறார்கள். அடுத்த டேபிளில் உட்காருகிறவளின் ஊர் எது என்று மாநிலத்தோடு நிறுத்தாமல் மாவட்டம், கிராமம்வரை கேட்கலாம். அம்மா பெயர் கேட்கலாம். நடவுக்கு அங்கே என்ன பாடுவார்கள் என்று கேட்கலாம். அவள் சம்மதித்தால் எழுதி வைக்கலாம், அவள் மொழியிலேயே, தமிழ் எழுத்தில். நாட்டுப்புறவியல் ஆய்வேட்டின் எல்லையைத் திருத்தும்படி துறையிடம் கேட்கலாம். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் ஒரு கூடத்தைத் திறந்துவிடும்படி தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். கூலி உயர்வுக்கும் கழிப்பறைக்கும் அடுத்தபடியாக இதை வைத்தாலும் குறைவில்லை. இழந்த முன்னுரையைத் தேடிப்பிடித்து அச்சேற்றிய நாகரத்தினம்மாளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய வேலைமுறை இது. அவருடைய சிலைக்கு மாலை போடுவதைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்கும்.